ஒண்ணரை இஞ்ச்

மங்கலம் ரோட்டில் எங்கள் பனியன் கம்பெனி.
கட்டிங் டேபிளுக்கு அடியில்
வேஸ்ட் மூட்டையைக் குடைந்து ஒரு நாய் ஈன்றது.
ஐந்தில் தங்கியது இரண்டு கடுவன்.
ஒன்று ரிப், இன்னொன்று காலர்.
பெயர் வைத்தவன் ஒடிசாக்காரன் பிரமோத்.
எங்கள் ஊரில் அவன் முதலில் கற்ற தமிழ் அதுதான்.

எட்டாவது வாரம் முகாம் வண்டி வந்தது.
பிடிக்க வந்தவன் கையை நக்கிக்கொண்டே
ரிப் போய் ஏறியது.
காலர் ஓவர்லாக் மெஷினுக்குப் பின்னால்
வலை எட்டாத சந்தில் கிடந்தது.
ஒன்று நம்பியது, ஒன்று நம்பவில்லை.
வேறு வித்தியாசம் அன்றைக்கு இல்லை.

சாயங்காலமே திரும்பிவிட்டது,
காது நுனியில் ஒரு வெட்டு,
தொடையிடுக்கில் இரண்டு தையல்.
குனிந்து பார்த்தேன்.
முப்பது வருடம் தையல் பார்த்தவன்
குறை சொல்ல முடியாத தையல்.
ராத்திரி சோற்றுக்கு வாலாட்டியது.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு
இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டையும் அளப்பேன்.
வேறென்ன செய்ய, தொழில் புத்தி.
பில்லரில் சாக் கோடு. பக்கத்தில் 'ரி', 'கா'.
எட்டு மாதம் கோடுகள் ஜோடியாக ஏறின.
பொறவு காலர் நின்றுகொண்டது, இருபதில்.
மூட்டையைக் கண்டால் காலைத் தூக்கியது,
மேனேஜரிடம் செருப்படி பட்டது.
ரிப் அப்போதும் குட்டியாட்டம்
குந்தித்தான் மூத்திரம் பேயும்.
கால் மட்டும் யாரையும் கேட்காமல்
வளர்ந்துகொண்டே இருந்தது.

பதிமூன்றாம் மாதம் ஒண்ணரை இஞ்ச் தூக்கல்.
மார்பு ஒடுக்கம்.
எஸ் சைஸ் உடம்புக்கு எல் சைஸ் கை வைத்த மாதிரி.
பீஸாக இருந்தால் செகண்ட்ஸில் போட்டிருப்பேன்.

மாடிப்படி இறங்கும்போது பின்னங்கால் முட்டி போனது.
பல்லடத்தில் டாக்டர் வஞ்சிக்கொடி
தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சொன்னார்:
"எலும்பு நுனியில ஒரு கதவு இருக்குதுங்க.
பருவம் வர்றப்ப ஒடம்புக்குள்ள ஊறுறது
வந்து அதைச் சாத்திப்போடும்.
சாத்தற ஆளை முன்னாடியே அனுப்பிச்சிட்டோம்,
கதவு ரொம்ப நாள் தெறந்தே கெடந்துருச்சு."
"அதனாலதான் முட்டி போச்சுங்களா?"
"அடிச்சுச் சொல்ல முடியாதுங்க"
என்று கையைக் கழுவப் போனார்.

அந்த மார்கழியில்
ஒரு செவலைப் பொட்டைக்குப் பின்னால் ஆறு நாய்.
ஆறில் ஒன்று காலர்.
வீரபாண்டி பிரிவில் கண்டெய்னர் லாரி.
உள்ளே துணி. எங்கள் துணியாகவும் இருக்கலாம்.
பிரமோத்தும் நானும் போய் எடுத்து வந்தோம்.
வளர்ந்து முடிந்த உடம்பு.
சாக்குக்குள் அளவாக அடங்கியது.
ரிப் அன்றைக்கு நொண்டிக்கொண்டு
கேட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது,
எங்கேயும் போகத் தோன்றாமல்.

இப்போது சித்திரை. கரண்ட் இல்லை.
அதே மூட்டைக்குள் ஒரு பொட்டைக் குட்டி,
புருவத்துக்கு மேல் காலரின் ரெண்டு புள்ளி.
அதே வண்டி வந்து நிற்கிறது.
"பத்து மாசம் போகட்டுங்க, நானே கொண்டாறேன்" என்றேன்.
"அதுக்குள்ள இது ஏழு போடும்ணா.
பத்து மாசம் கழிச்சு இது எங்க இருக்கும்,
நீங்க எங்க இருப்பீங்க?"

நியாயமான கேள்வி.
ரெண்டு ஆர்டர் தவறினால்
இந்த ஷெட்டே எங்கே இருக்குமோ.

யோசிங்க என்று டீ குடிக்கப் போயிருக்கிறான்.
குட்டி என் உள்ளங்கையில் நின்று
டேப்பின் பித்தளை நுனியைக் கடிக்கிறது.
எட்டேகால்.
கோடு போட்டுவிட்டேன். எழுத்து வைக்கவில்லை.
ரிப் வந்து, நீளக் கால்களை எங்கே மடக்குவதென்று
தெரியாமல் மடக்கி,
என் பாதத்தின் மேல் உட்கார்கிறது.